நாலு சக்கரம்

அந்த வண்டிக்கு முறையாகப் பேர் ஒன்றும் கிடையாது. முன்னால் மோகன்ராஜின் பழைய சைக்கிள். அதன் சீட்டுக்கு அடியில் ஒரு கொக்கி. கொக்கியில் மாட்டிக்கொண்டு பின்னால் வருவது இரும்புச் சட்டத்தில் பலகை அடித்த ஒரு பெட்டி. ஒரு ஆள் சாய்ந்து காலை நீட்டி உட்காரலாம், அவ்வளவு நீளம். பெட்டியின் இரண்டு பக்கமும் சின்னப் பிள்ளைகள் சைக்கிளிலிருந்து கழற்றிய சக்கரங்கள். வெல்டிங் பட்டறை வேணு இரண்டு நாள் மெனக்கெட்டுச் செய்து கொடுத்தான். செய்தவன் பேர் வைக்கவில்லை. பேர் வைப்பதற்கென்றுதான் தெருவில் ஆட்கள் சும்மா நிற்கிறார்களே.

தெலுங்கில் குப்பைக்குச் ‘செத்த’ என்று பேர். திருப்பதித் தெருக்களில் காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிற குப்பை வண்டியைச் ‘செத்த பண்டி’ என்பார்கள். அவர்கள் வாயில் அது குப்பை வண்டி, அதற்கு மேல் ஒன்றுமில்லை. தனகோட்டி முதல்முதலாக அந்தப் பெட்டியில் புருஷனை உட்கார வைத்து மிதித்துக்கொண்டு தெருமுனை திரும்பியபோது, பால் கடையில் நின்ற எவனோ ஒருத்தன் பல்லைக் காட்டிக்கொண்டு ‘செத்த பண்டி வச்சிந்தி’ என்றான். குப்பை வண்டி வந்தாச்சு என்றுதான் சொன்னான். அவள் வரதய்யபாளையத்துப் பக்கம் தமிழ் பேசுகிற வீட்டில் பிறந்தவள். பன்னிரண்டு வருஷமாகத் திருப்பதியில் குப்பை கொட்டுகிறவளுக்கு அந்தத் தெலுங்கு தெரியாததா? தெரியும். ஆனாலும் இடுப்பு ஒடிந்த புருஷன் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது ‘செத்த’ என்று காதில் விழுந்தால் அது தெலுங்காகவா விழும்? அன்றைக்கு மூன்று தெருவுக்கு அவள் அழுதுகொண்டே மிதித்தாள்.

மோகன்ராஜ் அவள் முதுகைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டான்.

"அழாத தனம்," என்றான். "இதுக்கு நாமளே ஒரு பேரு வெச்சிக்கலாம். இவங்க பெரிய மனுசனுக்கெல்லாம் பின்னாடி காரு போட்டுக் கூப்பிடறாங்க இல்ல, ரங்கையாகாரு, வேங்கடாசலம்காருன்னு. அது மாதிரி இது பெட்டிகாரு. இனிமே மரியாதையாத்தான் கூப்பிடணும்."

பேர் ஒட்டிக்கொண்டது. நாளாக ஆகப் பெட்டி தேய்ந்து காரு மட்டும் நின்றது. மரியாதைக்குச் சொல்கிற அந்தக் காருவைத் தனியாகச் சொன்னால், தமிழ் நாக்கு அல்லவா, ரோட்டில் ஓடுகிற கார் மாதிரியே கேட்கும். அதில் அவர்களுக்கு ஒரு சின்னக் குஷி. "காரு எடுத்துக்கினு போய் கேஸ் சிலிண்டர் போட்டுக்கினு வரேன்" என்று தனகோட்டி உரக்கச் சொல்வாள், பக்கத்து வீட்டுக்குக் கேட்கட்டும் என்றே. கஷ்டப்படுகிற வீட்டில் சிரிக்க ஒரு சொல் கிடைத்தால் அதை யார் விடுவார்கள்.

அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் அந்த வீட்டுக்குள் வந்த எதுவும் காரில் ஏறாமல் வந்ததில்லை. கேஸ் சிலிண்டர், இரண்டிரண்டாகத் தண்ணீர்க் கேன், ரேஷன் அரிசி, அவள் சப்பாத்தி தேய்க்கப் போகிற லேடீஸ் ஹாஸ்டலில் வேண்டாமென்று தூக்கிப் போட்ட இரும்புக் கட்டில் எல்லாமே அதில்தான். வாரத்தில் மூன்று நாள் மோகன்ராஜ். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பதினோரு ஸ்பீட் பிரேக்கர். ஒவ்வொன்றிலும் அவள் இறங்கி, சைக்கிளை உருட்டி, பெட்டியின் சக்கரம் ஏறி இறங்குகிறவரை திரும்பிப் பார்த்துக்கொண்டே நகர்த்துவாள். குலுங்கினால் அவனுக்கு உயிர் போகும். பின்னால் வருகிற பஸ்காரன் ஹாரன் அடிப்பான். அடிக்கட்டும், அவன் இடுப்பா ஒடிந்திருக்கிறது.

கீர்த்தி மட்டும் காரில் ஒரு சாமானும் ஏற்றியதில்லை. அவர்களுடைய ஒரே பெண், டிகிரி காலேஜில் இரண்டாம் வருஷம். அவள் தெலுங்கைக் கேட்டால் தமிழ் வீட்டுப் பெண் என்று ஒருத்தரும் சொல்ல முடியாது, அவளும் சொல்வதில்லை. அம்மா அவள் அப்பாவை, அவளுக்கு நைனா, ஏற்றிக்கொண்டு தெருவில் வந்தால் அவள் பக்கத்துச் சந்தில் திரும்பிவிடுவாள். தனகோட்டிக்கு அது தெரியும். வயசுப் பெண், கூச்சம் இருக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டாள். விட்டிருக்கக் கூடாது.

மோகன்ராஜ் கட்டட மேஸ்திரி. இரண்டாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்து, ஒடிந்த இடுப்பு சரியாகக் கூடாமல், மூட்டு உள்ளேயே தேய்ந்துகொண்டிருந்தது. கம்பை ஊன்றி நிற்பான். எட்டு வைக்க முடியாது. மூட்டை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தால் நடக்கலாம் என்றார் டாக்டர். "இந்த வருஷத்துக்குள்ள பண்ணிடணும். தள்ளிப்போனா தொடைச் சதையெல்லாம் வத்திடும். அப்புறம் நான் மூட்டு வெச்சும் பிரயோஜனமில்ல." ஏழைகளுக்குக் கொடுக்கிற அரிசி கார்டு இருந்தால் ஆபரேஷன் இலவசம். கார்டு இருந்தது. வருஷக் கடைசியில் ஒரு தேதியும் கிடைத்தது: டிசம்பர் இருபத்திரண்டு. முந்தின நாள் வந்து சேர வேண்டும். அவர்களுடைய வாழ்க்கை முழுக்க இப்போது அந்தத் தேதியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. மோகன்ராஜ் எழுந்து நடந்தால் இனிமேல் சாரம் ஏற மாட்டேன், தரை வேலை மட்டும்தான் என்று இப்போதே சத்தியம் செய்துகொண்டிருந்தான்.

டிசம்பர் ஒன்பதாம் தேதி பேரைப் பதிந்துவிட்டு வரலாம் என்று தனகோட்டி ஆஸ்பத்திரிக்குப் போனாள். கவுன்டரில் இருந்த பெண் கார்டு நம்பரைத் தட்டினாள், நெற்றியைச் சுருக்கினாள், இன்னொரு தடவை தட்டினாள்.

"கார்டு நிறுத்தி வெச்சிருக்காங்க," என்றாள். "உங்க வீட்ல ஃபோர் வீலர் இருக்குதாம்."

"எது?"

"நாலு சக்கர வண்டி. கார். கார் இருந்தா அரிசி கார்டு கிடையாது. வார்டு ஆபீஸ்ல போய்ச் சரி பண்ணிக்கினு வாங்க. இருபத்தொண்ணு சாயந்திரத்துக்குள்ள கார்டு ஓடலைன்னா தேதி வேற ஆளுக்குப் போயிடும்."

தனகோட்டி அங்கேயே நின்றாள். முதலில் சிரிப்புத்தான் வந்தது. சைக்கிளுக்கு இரண்டு, பெட்டிக்கு இரண்டு. அப்புறம் அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

இரண்டு மாதம் முன்னால் வீடு வீடாகச் சர்வே எடுக்க ஒரு பெண் கையில் டேப்லெட்டுடன் வந்தாள். நீரஜா என்று பேர். கீர்த்திக்குப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் மேலே படித்தவள். தனகோட்டி அப்போது மோகன்ராஜைப் பெட்டியில் சாய வைத்துத் தலையணை சொருகிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்கு நேரமாகிவிட்டது. நீரஜா டேப்லெட்டிலிருந்து தலையைத் தூக்காமல் "மீகு பண்டி உந்தா?" என்றாள். வண்டி இருக்கிறதா என்று கேள்வி. "உந்தி. மா காரு," இருக்கிறது, எங்கள் காரு என்றாள் தனகோட்டி. மோகன்ராஜ் சிரித்தான். அவன் சிரித்த குஷியில் அவள் இன்னும் ஒரு படி மேலே போய், "நாலு சக்கராலு" என்று நாலு விரலையும் வேறு காட்டினாள். நீரஜாவும் சிரித்த மாதிரிதான் இருந்தது. மீதிக் கேள்விக்குச் சாயந்திரம் வருகிறேன் என்று போய்விட்டாள்.

தன் வாயால், தன் விரலால், புருஷன் காலை முறித்தாயிற்று. ஆஸ்பத்திரி வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். திட்டு ஒன்றும் லேசான திட்டு இல்லை.

வார்டு ஆபீசில் ரமணா என்று ஒருத்தர். தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார், உட்காரச் சொல்வார், தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார். கெட்ட மனுஷன் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டவாவது வசதியாக இருந்திருக்கும்.

"சார், அது காரு இல்ல. சைக்கிள் பின்னால ஒரு பெட்டி. வெளியதான் நிக்குது, வந்து பாருங்க," என்றாள்.

அவர் எழுந்து வந்து பார்க்கவும் செய்தார். பெட்டியை ஒரு சுற்று சுற்றினார். சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு அவளுக்குத் தெரிந்தது.

"நான் பாத்து இன்னா அம்மா," என்றார் திரும்பி வந்து. "என் லாகின்ல இருக்குதா இல்லையான்னு மட்டும்தான் காட்டும். இருக்குதுன்னு காட்டுது. வண்டி நம்பர் போட்டிருந்தா வித்துட்டதா மாத்தலாம். நம்பர் கட்டம் காலியா இருக்குது."

"சைக்கிளுக்கு ஏது சார் நம்பரு?"

"அதேதான். சைக்கிள் பெட்டின்னு எழுதி அனுப்பினா, ஆள் வந்து நேர்ல பாக்கணும்பாங்க. பத்து வார்டுக்கு ஒருத்தர் அவரு. இருபத்தொண்ணுக்குள்ள வர மாட்டாரு. வந்து நாலு சக்கரம் நிக்கறதைப் பாத்தா என்ன எழுதுவாரோ." அவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். "இல்லாத காரை இல்லைன்னு நிரூபிக்க முடியாதும்மா. இருக்கிற வண்டியை உடைச்சாச்சுன்னு நிரூபிக்கலாம். பழைய இரும்புக் கடையில ஒரு சீட்டு, உடைச்ச போட்டோ, அது ரெண்டும் கொண்டுவா. நான் மேல அனுப்பறேன். சீக்கிரம் ஆகும்."

"உடைக்கவா?"

"ஆபரேஷன் ஆயிட்டா இது எதுக்கு உங்களுக்கு? உங்க ஆயன, உங்க வீட்டுக்காரரு, நடந்தே போவாரு."

அந்த ஒரு வார்த்தைதான் அவளைச் சம்மதிக்க வைத்தது.

வீட்டில் சொன்னபோது மோகன்ராஜ் முதலில் சிரித்தான். கட்டிலில் கையை அடித்துக்கொண்டு சிரித்தான். "நாம காரு வெச்சிருக்கோம்னு கவர்மென்டே ஒத்துக்கினா பாரு," என்றான். பிறகு தேதி விஷயம் அவனுக்கு உறைத்தது. சிரிப்பு நின்று முகம் சின்னதாகிவிட்டது.

"நான் வெச்ச பேரு," என்றான். "என் வாய்தான்."

"நீ எங்க சொன்ன? நான்தானே வெரலைக் காட்டினேன்."

"நான் பேரு வெக்கலைன்னா நீ எங்கேர்ந்து சொல்லுவ? சும்மா கெடக்காம வெச்சேன் பாரு."

இரண்டு பேரும் தப்பை ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்கள், ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்கொடுக்காமல். தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கீர்த்தி பாதியில் எழுந்துவிட்டாள். ஏன் துன்னலை என்று தனகோட்டி கேட்டதற்குப் பசிக்கவில்லை என்றாள்.

இரண்டு நாள் கழித்துத் தனகோட்டி காரைக் கடைசியாக மிதித்தாள். காலிப் பெட்டி ரோட்டில் கடகடவென்று வந்தது. ஒரு ஸ்பீட் பிரேக்கரிலும் அவள் இறங்கவில்லை. பழைய இரும்புக் கடைக்காரன் அப்பாவு வண்டியை மேலும் கீழும் பார்த்தான். "நல்லா ஓடற வண்டியாச்சேம்மா. நான் வேணா அப்படியே எடுத்துக்கறேனே. காய்கறிக்காரங்க யாராவது வாங்குவாங்க," என்றான். உடைத்தால்தான் சீட்டு செல்லும் என்றாள் அவள். அவன் சைக்கிளைக் கழற்றி ஓரமாக நிறுத்திவிட்டுப் பெட்டிக்குக் கட்டர் போட்டான். வேணு இரண்டு நாள் செய்தது இருபது நிமிஷத்தில் குச்சி குச்சியாகக் கிடந்தது. அவள் போனில் நாலு போட்டோ எடுத்தாள். அழுகை வரவில்லை. ஆபரேஷன், ஆபரேஷன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே எடுத்தாள். அப்பாவு எழுதிய சீட்டில் ‘நாலு சக்கர வண்டி, ஒன்று, உடைக்கப்பட்டது’ என்று இருந்தது. பொய் ஒரு எழுத்துக்கூட இல்லை.

அன்றிலிருந்து வீடு நகரவில்லை. தண்ணீர்க் கேனைக் கேரியரில் வைத்துக் கயிற்றால் கட்டினால் ஒன்றுதான் வரும், அதுவும் ஒரு பக்கமாகச் சாயும். ஒரு தடவை விழுந்து உடைந்து தெருவெல்லாம் தண்ணீர். சிலிண்டர் தீர்ந்தபோது அவள் மூன்று நாள் ஹாஸ்டலிலிருந்து மீந்ததைக் கொண்டுவந்து சமாளித்தாள். மோகன்ராஜை முன்பெல்லாம் கட்டிலிலிருந்து பெட்டிக்கு அவள் ஒருத்தியே நகர்த்திக்கொண்டிருந்தாள். கட்டில் உயரத்துக்கு அளவெடுத்துத்தான் வேணு அந்தப் பெட்டியைச் செய்திருந்தான்; படியில் பலகை போட்டுக் கட்டில்வரை உருட்டிவிடலாம். ஆட்டோவுக்கோ தூக்கித்தான் ஏற்ற வேண்டும். மூன்று வாசற்படி இறங்கி, ஒரு கையால் கதவைப் பிடித்து, அவனை உள்ளே தள்ளுவதற்குள் அவன் உதட்டைக் கடித்து ரத்தம் வரவழைத்துவிடுவான். தெருவில் போகிறவர்களைக் கும்பிட்டுக் கூப்பிட வேண்டியிருந்தது. கும்பிடுவதில் அவளுக்கு ஒன்றும் வெட்கம் இல்லை. நாலு நாள் ஓடணும், அவ்வளவுதானே என்று நினைத்தாள்.

இருபதாம் தேதி ரமணா போன் செய்து வரச் சொன்னார்.

அவர் முகம் நன்றாக இல்லை. "மேலேர்ந்து திருப்பி அனுப்பிட்டாங்கம்மா," என்றார். "கூடவே சர்வே ஷீட்டை முழுசா அனுப்பியிருக்காங்க. நானே இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"இன்னா சார் இருக்குது அதுல?"

அவர் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார். தெலுங்கு எழுத்து அவளுக்குப் படிக்க வராது என்பது அப்புறம்தான் அவருக்குத் தோன்றியது. தானே படித்துச் சொன்னார்.

"காலைல பத்து மணிக்கு நீரஜா எழுதியிருக்கா. வண்டி: சைக்கிள், பின்னால் பெட்டியோட. சரியாத்தான் எழுதியிருக்கா."

தனகோட்டிக்குப் புரியவில்லை. "சைக்கிள்னா?"

"சைக்கிள்னுதான். நீ சொன்னதை அவ தப்பா எடுத்துக்கல. சாயந்திரம் ஆறு மணிக்கு மாத்தியிருக்கு. கார், வெள்ளைக் கலரு, சொந்த ஊர் வரதய்யபாளையத்துல நிக்குது. சொன்னவங்க: பொண்ணு, கீர்த்தி. அவ போனுக்கு ஓடிபி போயி, அவ சொல்லி, முடிச்சிருக்காங்க."

 யாரோ பின்னாலிருந்து சீக்கிரம் ஆகட்டும் என்றார்கள்.

"அப்ப நான் உடைச்சது?"

ரமணா கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "கார் வரதய்யபாளையத்துல இருக்குதுன்னு இருக்கறதால, அந்த மண்டலத்து ஆபீஸ்ல பாத்து இல்லைன்னு எழுதணும். அங்க எழுதிக் குடுக்கணும், அவங்க ஊர்ல விசாரிக்கணும். சங்கராந்தி லீவு வேற வருது. ஒரு மாசம் ஆகும். கூடவும் ஆகலாம்." பிறகு, "ஏன்மா அப்படிச் சொன்னா அந்தப் பொண்ணு?" என்றார்.

அவளுக்கும் அதுதான் தெரிய வேண்டியிருந்தது. சைக்கிளை மிதிக்காமல் உருட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள். 

கீர்த்தி வாசல் குழாயடியில் குடத்துக்கு நீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அம்மா முகத்தைப் பார்த்ததும் குழாயை மூடினாள். தனகோட்டி கேட்கவே வேண்டியிருக்கவில்லை. இத்தனை நாளாக அந்தப் பெண் இதற்குத்தான் காத்திருந்தாள் என்பது நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"இன்னாத்துக்குடி?" என்றாள். உள்ளே கேட்கக்கூடாது என்று குரலை அடக்கினாள்.

"அந்த அக்கா சாயந்திரம் வந்தா. கூட இன்னொரு பையன் இருந்தான், என் காலேஜ்ல சீனியர்." கீர்த்தி குடத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "‘செத்த பண்டில போறாரே, அவரு மீ நான்னகாரேனா’, உங்க நைனாதானான்னு கேட்டா. சிரிச்சிக்கினே கேட்டா. அவனும் சிரிச்சான்."

"அதுக்கு?"

"எங்களுக்கு ஊர்ல காரு இருக்குதுன்னேன். டிரைவர் லீவுன்னேன். அதுவரைக்கும்தான் இதுல போறாருன்னு."

டிரைவர் லீவு. தனகோட்டிக்கு அந்த இரண்டு சொல்லைக் கேட்டதும் அடிக்கத் தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது. பதினோரு ஸ்பீட் பிரேக்கரில் இறங்கி இறங்கி உருட்டின டிரைவர் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"அவ எழுதிக்கினு இருக்கான்னு எனக்குத் தெரியாதும்மா. பேச்சுக்குத்தான் கேக்கறான்னு நெனச்சேன். நம்பர் வந்திருக்கும் சொல்லுன்னா, சொன்னேன்."

"அன்னிக்குத் தெரியாது. நானும் உங்க நைனாவும் என் தப்பு, என் தப்புன்னு அடிச்சிக்கினோமே, அன்னிக்குத் தெரியும் இல்ல? நான் அதை உடைக்கப் போறேன்னு தெரியும் இல்ல?"

கீர்த்தி தலையசைத்தாள். "உடைச்சா சரியாயிடும்னு நெனச்சேன்," என்றாள். அப்புறம் இன்னும் மெதுவாக, "அது போனா நல்லதுன்னும் நெனச்சேன்," என்றாள்.

பெற்ற பெண் உண்மை சொல்லும்போது சந்தோஷப்பட வேண்டும் என்பார்கள். தனகோட்டிக்கு அந்த நிமிஷம் அவளைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஒரு சொல்லைச் சொல்லி ஒருத்தி சிரித்தாள், அந்தச் சிரிப்புக்குப் பயந்து இவள் நைனாவின் காலை விற்றுவிட்டாள். முதல் நாள் அதே சொல்லைக் கேட்டுத் தானும் மூன்று தெருவுக்கு அழுதது தனகோட்டிக்கு மறக்கவில்லை. மறந்திருந்தால் நன்றாக அடித்திருக்கலாம்.

உள்ளேயிருந்து மோகன்ராஜ் கூப்பிட்டான். "தனம், வந்துட்டியா? இன்னா சொன்னாங்க?" காலையிலேயே ஆள் வைத்து முகம் மழித்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போட வேண்டிய சட்டையைக் கட்டில் கம்பியில் மாட்டி வைத்திருந்தான்.

"நான் நைனாகிட்ட சொல்லிடறேன்," என்றாள் கீர்த்தி. அவள் கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்தது. "சொல்லிடறேம்மா. என்னால முடியல."

"சொல்லாத."

"ஏம்மா?"

"சொன்னா உனக்குப் பாரம் எறங்கிடும். அவருக்கு?" தனகோட்டி குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். "தேதி போயிடுச்சி. இனிமே அவரை நாளைக்கு நாலு தடவை தூக்கணும், எறக்கணும். வண்டியும் இல்ல. எனக்கு ஒத்தை ஆளா முடியாது. நீதான் ஒரு பக்கம் புடிக்கணும். இதைச் சொன்னா அவரு உன் கையைத் தொட வுட மாட்டாரு. வாயை மூடிக்கினு வந்து புடி."

கீர்த்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் பின்னால் போனாள்.

தனகோட்டி விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னாள். ஆதாரில் ஊர் பேர் வரதய்யபாளையம் என்று இருக்கிறதாம், அங்கே எழுதி வாங்க வேண்டுமாம், தேதி தள்ளிப்போகிறது. பொய் சரளமாக வந்தது. மோகன்ராஜ் எவ்வளவு தள்ளிப்போகும் என்று கேட்கவில்லை. டாக்டர் சொன்னது அவனுக்குத்தான் முதலில் ஞாபகம் வந்திருக்கும். கம்பியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்து, மடித்து, தலையணைக்கு அடியில் வைத்தான்.

"பின்னாடி கக்கூஸுக்குப் போவணும்," என்றான்.

தனகோட்டி வலது பக்கம் குனிந்தாள். கீர்த்தி இடது பக்கம் வந்து, அவன் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். பெண் வந்து பிடிப்பது அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. இத்தனை நாளில் இதுதான் முதல் தடவை. இரண்டு பேரும் சேர்ந்து அவனைக் கட்டிலிலிருந்து கிளப்பினார்கள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"உனக்கு எதுக்குமா இந்தக் கஷ்டம்," என்றான் கீர்த்தியிடம். "எல்லாம் என் வாய். காருன்னு ஒரு பேரு வெக்காம இருந்திருந்தா நாளைக்கு நான் ஆஸ்பத்திரியில இருப்பேன். உங்கம்மா தன்மேல தப்புன்றா. கேக்கவே மாட்டேன்றா. நீ படிச்சவ, நீ சொல்லு. என்மேலதானே தப்பு?"

தனகோட்டி அவன் மார்புக்கு மேலாகப் பெண்ணைப் பார்த்தாள்.

"ஆமா நைனா," என்றாள் கீர்த்தி.

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். மூன்று பேரும் மெதுவாகப் படி இறங்கினார்கள்.